கடைசியாகத் தொட்ட கை

பங்குத்தந்தையின் மேசைக்கு வந்து சேரும் வழக்குகள் பலவகைப்பட்டவை. வேலியோரத்து முருங்கை மரம் யாருக்குச் சொந்தம் என்பதில் தொடங்கி, கல்யாண வீட்டில் யாரை முதற்பந்தியில் அமர்த்தவில்லை என்பது வரையில், காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக மனமில்லாதவர்கள் யாவரும் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் இவற்றையெல்லாம் ஓரளவு கேட்டுப் பழகிவிட்டேன். ஆயினும், ஒரு காரின் எஞ்சின் கெட்டுப்போனதற்கு எவர் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லும்படி ஒரு வழக்கு என்னிடம் வருமென்று நான் எதிர்பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் அது வந்தது. தீர்ப்பும் சொன்னேன். அது தவறான தீர்ப்பு. அது எங்ஙனம் தவறிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்; அவர்களில் ஒருவர், "பேரு மட்டும் வேண்டாம் சாமி" என்று கேட்டுக்கொண்டதால் இருவர் பெயரையுமே விட்டுவிடுகிறேன்.

காரின் சொந்தக்காரரை ஊரார் அனைவரும் அழைப்பதுபோல் அண்ணாச்சி என்றே சொல்கிறேன். மஸ்கட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர். இரண்டு பெண்களில் மூத்தவளுக்குத் திருமணம் பேசி முடித்திருந்த சமயம். அந்த ஆண்டு மாசி மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வெளிநாட்டு உயர்ரகக் காரை வாங்கிக்கொண்டு வந்தார். டீசல் வண்டி, 2020இன் இறுதியில் பதிவானது. புதிதாக வாங்கியிருந்தால் ஐம்பது இலட்சத்துக்கு மேல். மூன்று வயது கடந்த வண்டியென்பதால் 24 இலட்சத்துக்குக் கிடைத்தது. அதில் பதினைந்து இலட்சம் வங்கிக் கடன். வண்டியை மந்திரிப்பதற்காகக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது, பாடசாலைப் பிள்ளைகள் அதன் பளபளப்பில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உண்மையைச் சொன்னால், தீர்த்தம் தெளிக்கும்போது நானும் பார்த்துக்கொண்டேன்.

இந்தக் காரில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுவது முறை. "வெயிலில் மோட்டார் சைக்கிளில் அலையாதீங்க சாமி, வண்டி சும்மாதான நிக்குது" என்று அண்ணாச்சி வற்புறுத்தினார். முதலில் மறுத்தேன். சித்திரை வெயில் என் மறுப்பை உருக்கிவிட்டது. மூன்று கிலோமீட்டரில் உள்ள கிளைக்கோயிலுக்கும், இரண்டு கிலோமீட்டரில் உள்ள மருத்துவமனைக்கும், பேருந்து நிலையத்துக்கும் அந்தக் குளிர்ந்த இருக்கையில் சாய்ந்துகொண்டு போய்வரலானேன். அண்ணாச்சியின் தம்பி மகன் ஓட்டுவான். அண்ணாச்சியின் மனைவியும் கடைவீதிக்கும், இளையவளின் பள்ளிக்கும் அதையே எடுத்துக்கொண்டு போவார். ஆக, அந்த வண்டி எங்கள் ஊரின் எல்லையைத் தாண்டியது மிகவும் குறைவு. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடவல்ல குதிரையைக் கிணற்றுக் கமலையில் பூட்டியது போலத்தான்.

புரட்டாசி மாதம் எண்ணெய் மாற்ற வேண்டிய தவணை வந்தது. அந்த நிறுவனத்தின் பணிமனை இருப்பது மதுரையில். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் போகவேண்டும்; செலவும் முப்பத்தைந்தாயிரத்துக்குக் குறையாது என்றார்கள். எங்கள் பங்கிலேயே, புறவழிச்சாலையோரத்து வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூரில் பெரிய பணிமனை ஒன்றில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். பேச்சுக் குறைவு. அவரிடம் வண்டியை விட்டார்கள். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிப் பதினான்காயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அதற்கு இருபதாம் நாள், மதுரையில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக அண்ணாச்சி குடும்பத்துடன் புறப்பட்டார். திருநெல்வேலி கடந்து, கயத்தாற்றை நெருங்கும்போது எஞ்சினுக்குள்ளிருந்து சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழுந்தது. சற்று நேரத்தில் எண்ணெய்க் குடுவை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே, நடுக்காடானாலும், வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். எஞ்சினுக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை என்பது அதன் பொருள். பையனோ அடுத்த பெட்ரோல் பங்க் வரட்டும் என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறான். பெரியதோர் அடி விழுந்தது போன்ற ஓசையுடன் எஞ்சின் நின்றது. பிறகு அது அசையவில்லை. பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாகக் குடும்பம் முழுவதும் நாற்கரச் சாலையோரத்தில் நின்றது. வண்டியை வேறொரு லாரியின் முதுகில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்: எஞ்சின் இறுகிவிட்டது, புது எஞ்சின் பொருத்த வரிகளோடு 14 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் ஆகலாம், காரணத்தை அறியக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் 45 ஆயிரம். திருமணத்துக்கு மூன்று மாதமே இருந்தது. அண்ணாச்சி அன்றிரவு சாப்பிடவில்லை என்று அவர் மனைவி வந்து அழுதார்.

அடுத்த ஞாயிறு மாலை பங்கு இல்லத்தில் கூடினோம். அண்ணாச்சி, பங்குப் பேரவையினர் நால்வர், பட்டறைக்காரர், நான். அண்ணாச்சியின் வாதம் எளிமையானது: ஏழு மாதம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய வண்டி, இவர் கைவைத்த இருபதாம் நாள் எஞ்சின் போயிற்று, இடையில் வேறு எவரும் தொடவில்லை, ஆகவே இவர் ஊற்றிய எண்ணெய் போலியாக இருக்க வேண்டும். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். பட்டறைக்காரர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"நல்ல ஆயில்தான் சாமி ஊத்தினேன். காலி டப்பா இருக்கு. விவரம் பில்லுல எழுதியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

அந்தப் பில்லைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. குருமடத்தில் தர்க்க சாஸ்திரம் கற்பித்த முதிய குரு ஒருவர், மனிதர் வழக்கமாகச் செய்யும் பிழைகளுக்கு இலத்தீனில் பெயர் சொல்லி எங்களை மனப்பாடம் செய்ய வைப்பார். அவற்றுள் ஒன்று "போஸ்ட் ஹாக், எர்கோ ப்ராப்டர் ஹாக்". இதன் பின்னால் வந்தது, ஆதலால் இதனாலேயே வந்தது என்று முடிவு கட்டும் பிழை. சேவல் கூவிய பின் பொழுது விடிகிறது, ஆகவே சேவல்தான் பொழுதை விடிய வைக்கிறது என்பது அவர் தந்த உதாரணம். அந்தத் தேர்வில் நான் நல்ல மதிப்பெண் பெற்றவன். அந்த ஞாயிறு மாலை சேவலைப் பிடித்துத் தண்டித்தேன்.

"தம்பி, முழுப்பொறுப்பும் உம்முடையது என்று சொல்லமாட்டேன். ஆனால் மனச்சாட்சிப்படி ஓர் இலட்சமாவது நீர் கொடுத்தால் ஊரில் சமாதானம் நிலைக்கும்" என்றேன். சமாதானம் என்ற சொல்லை அப்போது நான் பயன்படுத்தியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. கோயிலுக்குப் புது ஒலிபெருக்கி வாங்கித் தந்தவர் அண்ணாச்சி. நான் ஏறிக்கொண்டு திரிந்தது அண்ணாச்சியின் கார். மறுபக்கம் நின்றவரிடமிருந்து நான் வாங்கியிருந்தது, என் மோட்டார் சைக்கிளுக்குக் கூலி வாங்காமல் அவர் செய்து தந்த வேலை மட்டுமே. இந்தக் கணக்கு எதுவும் அப்போது என் நினைவில் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை எச்சரிக்கையாக இருந்திருப்பேன்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அவர் ஒரு துணிப்பையுடன் வந்தார். அறுபதாயிரம் ரூபாய். கூட்டுறவுச் சங்கத்தில் மனைவியின் வளையல்களை வைத்து வாங்கியது என்று பின்னால் தெரிந்தது. மீதியை மாதாமாதம் தருவதாகச் சொன்னார். பையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று முதல் அவர் பட்டறைக்கு வரும் வண்டிகள் குறைந்தன. சாமியே சொல்லிவிட்டார் என்றால் ஊருக்கு வேறு சாட்சி எதற்கு?

பதினோராம் நாள் எஞ்சினைக் கழற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. அண்ணாச்சி துணைக்கு அழைத்தார். பேருந்தில் மதுரைக்குப் போனோம். அங்கே பொறுப்பிலிருந்த இளைஞர் முப்பது வயதைத் தாண்டாதவர், பொறுமைசாலி. எஞ்சினின் அடிப்பாகம் ஒரு மேசைமேல் திறந்து கிடந்தது. எண்ணெயைத் தொட்டு என் விரலில் தடவினார். கறுத்த எண்ணெய்க்குள் வெள்ளியும் செம்புமாகப் பொடிகள் மினுங்கின. பேரிங் ஓடுகளை எடுத்துக் காட்டினார். பிறைநிலா வடிவில் வளைந்த மெல்லிய தகடுகள்; பளபளப்பாக இருக்க வேண்டிய உட்பக்கம் உரிந்து, செம்பு தெரிய, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிசைந்து கிடந்தன.

"முகர்ந்து பாருங்க ஃபாதர்" என்றார். எண்ணெயில் டீசல் நெடி அடித்தது.

பிறகு அவர் விளக்கியதை, என்னைப் போன்றே இயந்திர அறிவு இல்லாதவர்களுக்காக என் சொல்லில் தருகிறேன். டீசல் எஞ்சினில், பெட்ரோல் எஞ்சினில் உள்ளதுபோல் தீப்பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றைப் பதினைந்தில், பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால் அது 500 பாகைக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைத் தெளித்ததும் தானாகவே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற பொறியாளர் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய முறை இதுவே. (பாவம், தம் பெயரை உலகமெங்கும் பெட்ரோல் பங்குகளில் எழுதவைத்த அம்மனிதர் 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகையில் இரவோடிரவாகக் காணாமற்போனார், கடலில் மாண்டார்.) அவர் முறையில் ஒரு குறை: கரித்தூள். பழைய லாரிகள் பின்னால் கக்கிய கரும்புகை நமக்கெல்லாம் தெரிந்ததே. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்குவதால், அதை வெளியே விடாதபடி புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். டி.பி.எஃப். என்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் வந்த டீசல் கார்களில் இது இருக்கும்.

வடிகட்டி என்றால் நிறையும். நிறைந்தால் துப்புரவு செய்ய வேண்டும். இங்கே துப்புரவு என்பது எரிப்பது. எஞ்சினின் கணினி, சிலிண்டருக்குள் தீ எரிந்து முடிந்த பின்பும் கொஞ்சம் டீசலைத் தெளிக்கிறது. அது புகையோடு போய் வடிகட்டியை 600 பாகையளவுக்குச் சூடாக்குகிறது. பிடித்திருந்த கரி சாம்பலாகிறது. இதற்குப் பதினைந்து, இருபது நிமிடம் வண்டி ஒரே சீராக ஓடவேண்டும். நெடுஞ்சாலையில் போகிறவனுக்கு இது நடப்பதே தெரியாது. மூன்று கிலோமீட்டரில் இறங்கிக் கதவைச் சாத்துகிறவனுக்கோ, தொடங்கிய எரிப்பு பாதியில் அறுந்துபோகும். அடுத்த முறை கணினி மறுபடியும் தொடங்கும், மறுபடியும் அறும். ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் வளையங்களைக் கடந்து, அடியிலுள்ள எண்ணெயில் இறங்குகிறது. பெட்ரோலாக இருந்தால் எஞ்சின் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். டீசல் எளிதில் போகாது, தங்கிவிடும்.

இதைக் கேட்டதும் அண்ணாச்சி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு சொட்டு ஆயில் குறையலை சாமி, அப்பேர்ப்பட்ட எஞ்சின்" என்று அவர் ஊரெல்லாம் பெருமை பேசியது எனக்கு நினைவுக்கு வந்தது. குறையாததோடு நிற்கவில்லை; அது ஏறிக்கொண்டிருந்தது. மோரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குவது போல எண்ணெய் பெருகியது. அந்த வகைக் காரில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது, திரையில்தான் காட்டும். எண்ணெய் அளவு மிகுந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தபோதெல்லாம், வீட்டிலுள்ளவர்கள் அதைத் தொட்டுத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். எண்ணெய் போதவில்லை என்றால்தானே கவலை?

எஞ்சினின் பளுவான தண்டு, பேரிங் ஓட்டின்மேல் நேராக உட்கார்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று தாங்குகிறது. டீசல் கலந்து நீர்த்துப்போன எண்ணெய்க்கு அந்தப் பலம் இல்லை. உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஊருக்குள் மெதுவாக ஓடும்வரை தேய்மானம் ஒளிந்திருக்கும். நெடுஞ்சாலையில் சுமையோடு விரைந்தபோது அது வெளிப்பட்டது.

"எண்ணெய் தரமானதா?" என்று நான் கேட்டேன். கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிட்டது.

"ஆயில்ல குறையில்லை ஃபாதர். இந்த வண்டிக்குச் சொன்ன ரகம்தான். புது ஆயில் ஊற்றின இருபது நாளிலயே அரை லிட்டருக்குக் கிட்ட டீசல் இறங்கியிருக்கு. பேரிங் அதுக்கு முன்னாலயே அடிவாங்கியாச்சு" என்று சொல்லி, கணினியில் பதிவாகியிருந்ததை அச்செடுத்துக் காட்டினார். கடைசியாக ஓர் எரிப்பு முழுமையாக நடந்து முடிந்தபின் வண்டி 1,900 கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாதியில் அறுந்த எரிப்புகள் வரிசையாக இருந்தன. "ஊருக்குள்ளயே சின்னச் சின்னதா ஓட்டினீங்களா?" என்று கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரிலிருந்த பொருள்களை ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார்கள். சுங்கச்சாவடிச் சீட்டுகள், ஒரு செபமாலை, பிள்ளையின் தலைப்பின்னல் ரிப்பன், நாலாய் மடித்த ஒரு காகிதம். பட்டறைக்காரரின் பில். அதன் அடியில் நீல மையில், பள்ளிப்பிள்ளையின் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது: பழைய ஆயில் ஆறரை லிட்டர் வடிந்தது, இதன் கொள்ளளவு ஐந்தே கால். டீசல் கலந்துள்ளது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நாற்கரச் சாலையில் ஓட்டவும். டி.பி.எஃப்., இன்ஜெக்டர் இரண்டையும் கம்பெனியில் காட்டவும். நீண்ட தூரம் போகுமுன் ஆயில் பிரஷர் சோதிக்கவும்.

பேருந்தில் திரும்பி வரும்போது கோவில்பட்டி வரையில் இருவரும் பேசவில்லை. எனக்கு ஒரு மாலை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அக்டோபர் முதல் வாரம், கிளைக்கோயிலில் செபமாலை. கார் போய் நின்ற பின்னும் முன்பக்கத்து விசிறி இரைந்துகொண்டிருந்தது. "சாமி, இந்தச் சத்தம் வந்தா உடனே அணைக்காதே, இன்னும் பத்து நிமிசம் வெளிய ஓட்டிட்டு வான்னு பட்டறை அண்ணன் சொல்லியிருக்காரு" என்றான் பையன். "உள்ளே செபம் நடக்கிறது தம்பி, முதலில் அணை" என்று சொன்னவன் நான். அவன் அணைத்தான். அதன் பின்னும் விசிறி தானாகவே சிறிது நேரம் ஓடி நின்றது. அந்த அச்சுத்தாளில் இருந்த அறுந்த எரிப்புகளில் ஒன்றாவது என் கணக்கில் வரும். நீதிபதியின் ஆசனத்தில் நான் அமர்ந்திருந்தபோது குற்றவாளிக் கூண்டிலும் எனக்கோர் இடம் காத்திருந்தது.

அன்றிரவே துணிப்பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனேன். விளக்கு வெளிச்சத்தில் மகன் படித்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன், என் பிழை என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பையைப் பிரித்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். முன்பெல்லாம் கோயில் ஜெனரேட்டர் வேலைக்கு நான் பணம் கொடுத்தால் மடித்தபடியே சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்; எண்ணமாட்டார். "சரியா இருக்கு சாமி" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, அறிவிப்புகளின்போது, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னிலையிலும் அதை வாசித்தேன். தீர்ப்புச் சொன்னது அறைக்குள்தான்; ஆனால் அது ஊர் முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தது. திருத்தமும் அப்படியே போகவேண்டும் அல்லவா? அண்ணாச்சியும் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொன்னார். அவருக்கு அது என்னைவிடக் கடினமாக இருந்திருக்கும்.

பணப் பிரச்சினை அப்படியே இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டோம். மோதல், தீ, வெள்ளம், திருட்டு ஆகியவற்றுக்கு உண்டு. தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாற்றுக்கும் சாதாரணப் பாலிசியில் கிடையாது என்றார்கள். அதிகப் பிரீமியம் கட்டி எடுக்கும் எஞ்சின் பாதுகாப்புக்கூட, தண்ணீர் புகுவது, எண்ணெய் ஒழுகிப்போவது போன்றவற்றால் விளையும் சேதத்துக்குத்தான் பெரும்பாலும் பயன்படும். கார் நிறுவனத்திடம் கருணைச் சலுகை கேட்டு எழுதிப் பார்த்தோம். உத்தரவாதக் காலம் முடிந்த வண்டி, தவணைகள் அனைத்தும் அவர்கள் பணிமனையில் நடக்கவில்லை, மறுத்துவிட்டார்கள். இப்படியொரு கடிதம் எழுதிப் பார்ப்பதில் குற்றமில்லை. சர்வீஸ் பதிவுகள் ஒழுங்காக உள்ளவர்களுக்குச் சில நிறுவனங்கள் ஒரு பங்கை ஏற்பதுண்டு.

அண்ணாச்சியை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தது யார் என்றால், பட்டறைக்காரர்தான். ஒரு மாலை அண்ணாச்சி தானாகவே வேப்பமரத்தடிக்குப் போனார். என்னை அழைக்கவில்லை, நல்லது. இருவரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இறந்த எஞ்சினோடு உள்ளபடியே விற்றால் எட்டு இலட்சம் கிடைப்பது அரிது. ஓடும் நிலையில் இருந்தால் இருபது பெறும். ஆக, பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் செலவிட்டால் நட்டம். அதற்குள் முடிந்தால் செய்யலாம். புது எஞ்சின் அந்தக் கோட்டைத் தாண்டியது. பழையதைச் செப்பனிடலாமென்றால் கிராங்க் தண்டு ஆழமாகக் கீறிப்போயிருந்தது. எஞ்சியது ஒரு வழி: பின்பக்கம் மோதி நொறுங்கி, காப்பீட்டுக் கழிவில் வந்த அதே ரகக் காரின் எஞ்சின். கோயம்புத்தூரில் தமக்குத் தெரிந்த இடத்தில் அவரே விசாரித்தார். முறையான பில் இல்லாத எஞ்சினை எத்தனை மலிவானாலும் தொடக்கூடாது என்றார். எஞ்சின் எண் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால், மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்குப் பில் வேண்டும். விலை நாலே முக்கால் இலட்சம். வாங்குமுன் அதன் அடித்தட்டைக் கழற்றி, பேரிங்கைக் கண்ணால் பார்த்த பின்பே பணம் கொடுக்கச் சொன்னார். பார்த்தார்கள்.

"எஞ்சினை மட்டும் மாத்தினா ஆறு மாசத்துல இதுவும் போயிரும் அண்ணாச்சி" என்று சொல்லி, டி.பி.எஃப். வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவும், இன்ஜெக்டர்களைப் பரிசோதிக்கவும் கட்டாயப்படுத்தினார். வடிகட்டியையே வெட்டியெறிந்துவிட்டால் தொல்லை தீருமே என்று ஊரில் சிலர் யோசனை சொன்னார்கள். அது சட்டப்படி தவறு. மேலும் அந்தக் கரி அடுத்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். பட்டறைக்காரர் அதற்கு ஒப்பவில்லை. எல்லாம் சேர்த்து ஆறு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் ஆயிற்று. அண்ணாச்சி ஐந்து சென்ட் நிலத்தை விற்றார். தை மாதம் திருமணம் நடந்தபோது வண்டி இன்னும் பட்டறையில்தான் இருந்தது. மணமக்கள் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பந்தியில் பாயசம் தீர்ந்ததைத்தான் கவனித்தார்கள்.

ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பத்துக்கு டீசல் கார் எதற்கு என்று யாராவது கேட்டால், வேண்டாமென்றே இப்போது சொல்கிறேன். டீசல் மலிவு என்ற பழைய நினைப்பு நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு விலக்கிக்கொண்ட பின் அந்தப் பெரிய இடைவெளி இல்லை. தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அது இன்றும் நல்ல எஞ்சின், அதில் ஐயமில்லை.

இப்போது சனிக்கிழமை தோறும் அண்ணாச்சி காவல்கிணற்றிலிருந்து நாங்குநேரி வரை நாற்கரச் சாலையில் போய்த் திரும்புகிறார். ஒருமுறை என்னையும் அழைத்தார்; போனேன். கிளைக்கோயிலுக்கு மோட்டார் சைக்கிள்தான். சென்ற மாதம் அதன் சங்கிலி தளர்ந்து, பட்டறைக்குக் கொண்டுபோனேன். வேலையை முடித்துவிட்டு அவர் பில் எழுதினார். இப்போதெல்லாம் கார்பன் தாள் வைத்து இரண்டாக எழுதுகிறார். அடியில் குறைகளைக் குறித்து, படித்துப் பார்த்ததாகக் கையெழுத்து வாங்காமல் எந்த வண்டியையும் வெளியே விடுவதில்லை. பின்சக்கர பிரேக் கட்டை தேய்ந்துள்ளது, ஒரு மாதத்துக்குள் மாற்றவும் என்று என் பில்லில் இருந்தது. கூலி எண்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். பேனாவை நீட்டினார்.

படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன்.